பெயர்ப்பலகை இல்லாத பட்டறையும் என் பழைய ஜென்னின் கூலண்ட் ஒழுக்கும்

சேலம் ஜங்ஷன் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், வாசலில் பாதி புதைத்து நட்ட இரண்டு லாரி டயர்களே அடையாளமாக, ஒரு கார் பட்டறை இயங்குகிறது. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு வண்டிகள் நிற்கும் அளவுக்குத்தான் கூரை. மூன்றாவதாக ஒன்று வந்தால் அது வேப்ப மரத்தடியில் காத்திருக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவரும் அவருக்கு உதவியாக இரண்டு பையன்களும் வேலை செய்கிறார்கள். பழைய வண்டியின் எஞ்சினில், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் எங்கே போகிறது என்று தெரியாமல் மூன்று மாதம் அலைந்த பிறகு, சென்ற சித்திரையில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். பாகங்களை மாற்றுவதற்கு நகரில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுவதையே ஒரு தனி வேலையாக மதித்து, அதற்கென்று நேரம் ஒதுக்கி, அதற்குத் தனியாகக் கூலியும் கேட்கும் இடத்தை நான் பார்த்தது இதுவே முதல் முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2001 மாடல் மாருதி ஜென். 993 சிசி பெட்ரோல் எஞ்சின். வீடு ஏற்காட்டில், வேலை சேலத்தில் என்பதால் வாரத்துக்கு இரண்டு முறையாவது அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தை மாதத்திலிருந்து ரிசர்வ் டேங்கில் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. மலை ஏறிய ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆனால் இரவு முழுவதும் நிறுத்திவைத்த இடத்தில் காலையில் பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. அதைவிடக் குழப்பியது வேறொன்று. வெயில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தின் நெரிசலில் பொறுமையாக ஓடிய வண்டி, குளிர்காற்று வீசும் ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்திய இரண்டாவது நிமிடத்தில் பானெட்டுக்குள் உலை கொதிப்பதுபோல் சத்தம் போட்டது. வெயிலில் கொதிக்காதது குளிரில் ஏன் கொதிக்கிறது என்று கேட்டதற்கு, முதலில் போன பட்டறையில் சிரித்தார்கள்.

அந்த முதல் பட்டறையைப் பற்றி ஒரு பத்தி சொல்லித்தான் ஆக வேண்டும், பெயர் வேண்டாம். நகரின் இன்னொரு பகுதியில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதன வசதி கொண்ட காத்திருப்பு அறையுமாக உள்ள இடம் அது. வண்டியைச் சுற்றி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் போய்விட்டது என்று சொல்லிப் புதியதைப் பொருத்தினார்கள். அடுத்த வாரமே மலை ஏறியபோது பழைய கதையே நடந்தது. திரும்பப் போனதும், அப்படியானால் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்தான் போயிருக்க வேண்டும், ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்து, அதாவது சமமாகக் கடைந்து, மாட்ட 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு, வேறு என்ன சார் இருக்க முடியும் என்பதே பதிலாகக் கிடைத்தது. கழற்றிய பழைய ரேடியேட்டரை மட்டும் ஏதோ ஒரு பிடிவாதத்தில் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன்.

டயர் நட்ட பட்டறையின் மேஸ்திரி, நான் கதை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அவர் கேட்ட கேள்விகள்தாம் எனக்கு நம்பிக்கை தந்தன. ஏறும்போது குறைகிறதா, இறங்கும்போது குறைகிறதா. நிறுத்திய பிறகு கொதிக்கிறதா, ஓடும்போதே கொதிக்கிறதா. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை வந்து, சூடான பிறகும் நிற்காமல் வருகிறதா. ஹீட்டர் போட்டால் உள்ளே இனிப்பு வாடை அடிக்கிறதா, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் ஏதாவது படிகிறதா. முன் இருக்கைக்குக் கீழே கால்மிதி நனைந்திருக்கிறதா. இடையில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் தயங்கினேன். அவசரத்துக்குக் கையில் கிடைத்த போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். சூடாக இருக்கும் வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் தொட மாட்டேன் என்றும், மாலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலை எஞ்சின் ஆறிய பிறகே கைவைப்பேன் என்றும் சொன்னார். தேடிக் கண்டுபிடிக்க 700 ரூபாய். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பணம் வேண்டாம். கண்டுபிடித்த பிறகு வேலையை வேறு இடத்தில் கொடுத்துக்கொண்டாலும் தனக்கு வருத்தமில்லை என்பது அவருடைய கணக்கு.

மறுநாள் காலை ஏழரை மணிக்கே போய் அருகில் நின்றுகொண்டேன். விரட்டவில்லை, ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டார்கள். முதலில் வெறும் கண்ணால் பார்க்கும் வேலை நடந்தது. டார்ச்சும், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல் நீண்ட காம்பு உள்ள ஒரு கண்ணாடியும் அதற்குப் போதுமாக இருந்தன. கூலண்ட் கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டிப்போய் ஒரு தடம் இருக்கும். தரையில் சொட்டு இல்லை என்பதற்காக ஒழுக்கே இல்லை என்று ஆகிவிடாது, சூடான உலோகத்தில் விழும் துளி தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும், ஆனால் அதிலிருந்த உப்பு எங்கேயும் போகாது என்று பையனுக்குச் சொல்வதுபோல் எனக்கும் சொன்னார். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளாம்புகள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளை, பிளாக்கின் துளைகளை அடைத்திருக்கும் டம்மி மூடிகள் என்று வரிசையாக விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். பம்பின் சீல் தேய்ந்தால் முதலில் அந்தத் துளையில்தான் தடம் தெரியுமாம். என் வண்டியில் அது காய்ந்து சுத்தமாக இருந்தது. ஏசி ஓடும்போது கீழே சொட்டும் தண்ணீரைக் கூலண்ட் என்று நினைத்துப் பதறி வருகிறவர்கள் பாதிப் பேர் என்றும், தொட்டுப் பார்த்துப் பிசுபிசுப்பும் நிறமும் இல்லையென்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லிச் சிரித்தார்.

கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் மேல்பகுதியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பழுப்பு கலந்த வெள்ளைப் பொருக்கு ஒன்று தெரிந்தது. அங்கே கூலண்ட் ஓடும் பாகம் எதுவுமில்லை. எனவே அது விழுந்த இடமே தவிரப் புறப்பட்ட இடம் அல்ல. அதற்கு மேலே எதுவோ ஒழுகுகிறது. ஆனால் மேலே கை நுழையாத அளவுக்கு மேனிஃபோல்டும் வயர்களும் ஹோஸ்களும் அடைத்துக்கொண்டிருந்தன.

இதற்குப் பிறகு அவர் எடுத்ததுதான் பிரஷர் டெஸ்டர். சைக்கிள் பம்பு போன்ற கைப்பம்பு, அதன் மேல் ஒரு மீட்டர், ரேடியேட்டரின் வாயில் மூடிக்குப் பதிலாகப் பொருந்தும் ஒரு தலை, அவ்வளவுதான். கருவி எளியது, அதைப் பயன்படுத்திய முறைதான் கவனிக்கத்தக்கது. முதலில் வண்டியைச் சோதிக்காமல் மூடியைச் சோதித்தார். ஜென்னின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். அதாவது உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ ஆகும்வரை மூடி திறக்கக் கூடாது. என் மூடி 0.85 வரை தாங்கியது. பழைய மூடிக்கு இது மோசமில்லை, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது, எப்படியும் மாற்றிவிடலாம், ஒழுக்குக்கு இது காரணமல்ல என்றார். பிறகு வண்டியில் பொருத்தி 0.9 வரை பம்பு அடித்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். அதற்கு மேல் அடிக்கக் கூடாது. அடித்தால் நல்ல ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியையே விரிசல் விடச் செய்து, இல்லாத ஒழுக்கை நாமே உண்டாக்கிவிடுவோம் என்பதை அழுத்திச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து முள் 0.8-இல் நின்றது. ஒழுக்கு இருக்கிறது, ஆனால் ஊசிமுனை அளவுதான் என்று அதற்குப் பொருள்.

ஏரிக்கரைப் புதிருக்கான விடையும் அந்த டீக்கடையில்தான் கிடைத்தது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு வேகத் தாமதமாவது எங்கள் வீட்டில் அன்றாடம் பார்ப்பதுதான், ஆனால் அதை ரேடியேட்டரோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. மூடி சரியாக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை, மலையுச்சியிலும் வெறும் தண்ணீரே 115 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும். குக்கருக்குள் நடப்பதும் இதுவேதான். எங்கோ ஓர் ஊசித்துளை வழியாக அழுத்தம் வெளியேறிவிட்டால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் எஞ்சின் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும். வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குள் வரும் காற்றும் குறைவு. மேலே போய்ச் சாவியைத் திருப்பி அணைத்ததும் வாட்டர் பம்பு நின்றுவிடும். ஹெட்டில் தேங்கிய சூடு முழுவதும் நகராமல் நிற்கும் தண்ணீரில் இறங்கும். அதுதான் இரண்டாவது நிமிடத்தில் கேட்ட சத்தம். சேலத்தின் சமதளத்தில் வெயில் எவ்வளவு அடித்தாலும் எஞ்சினுக்கு அத்தனை சுமை இல்லை. ஏரிக்காற்றின் குளிர்ச்சிக்கும் எஞ்சினுக்குள் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்னபோது, நான் தவறான இடத்தில் நின்று வியந்துகொண்டிருந்தேன் என்று புரிந்தது.

இன்னொரு விஷயமும் அங்கே தெரிந்தது. ஒருமுறை பதினாறாவது வளைவுக்குப் பக்கத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போய், பிறகு தானாகவே சரசரவென்று கீழே இறங்கியதால் நிம்மதியாக ஓட்டிப் போனதைச் சொன்னேன். “முள்ளு இறங்குச்சுன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க சார். தண்ணி சென்சாருக்குக் கீழ போயிருந்தா அது ஆவியத்தான் அளந்துக்கிட்டு இருக்கும். அன்னைக்கு எஞ்சின் சூட்டுல இறுகி சீஸ் ஆகாதது உங்க நல்ல நேரம்” என்றார்.

ஹெட் கேஸ்கட் சந்தேகத்தையும் அவர் வாய்வார்த்தையில் தள்ளிவிடவில்லை. எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே மோர்போல் வெளுத்த படிவு இருக்கிறதா என்று பார்த்தார், ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்து, எதுவும் மற்றதைவிடக் கழுவிவிட்டதுபோல் வெளுப்பாக இருக்கிறதா என்று பார்த்தார், இரண்டும் இல்லை. பிறகு ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, நீலத் திரவம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயை அதன் வாயில் வைத்து மேலிருக்கும் காற்றை ரப்பர் பந்தால் உறிஞ்சினார். எரிந்த வாயு கேஸ்கட் வழியாகக் கூலண்டுக்குள் நுழைந்திருந்தால், அதிலுள்ள கரியமில வாயுவால் நீலம் மஞ்சளாக மாறிவிடும். ஐந்து நிமிடம் உறிஞ்சியும் நீலம் நீலமாகவே இருந்தது. திரவம் பழசானால் நிறம் மாறாமல் ஏமாற்றும் என்பதால், அதே திரவத்தை என் சைலன்ஸர் வாயில் பிடித்து அது மஞ்சளாவதையும் காட்டினார். 18,000 ரூபாய் எனக்கு மிச்சமானது அந்தக் கணத்தில்தான். டிக்கியில் கிடந்த பழைய ரேடியேட்டரையும், நான் கேட்காமலே, வாய்களை அடைத்துத் தண்ணீர் டிரம்மில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

ஊசித்துளையைக் கண்டுபிடித்த விதத்தை மட்டும் இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சந்தேகப்பட்ட பகுதி முழுவதையும் துடைத்துக் காற்றடித்து உலர்த்தி, குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவி, மறுபடியும் 0.9 வரை பம்பு அடித்து, மீட்டரோடு அப்படியே இரவு முழுவதும் விட்டுவிட்டார். மறுநாள் முள் 0.3-இல் இருந்தது. கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தபோது, பிளாக்கின் பின்பக்கமாக வாட்டர் பம்புக்குப் போகும் இரும்புக் குழாயில், வெள்ளைப் பவுடரின் நடுவே ஒரு கறுத்த ஈரக்கோடு தெளிவாகத் தெரிந்தது. ஹோஸ் மாட்டும் முனைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, உள்ளிருந்து துரு அரித்து வெளியே வந்திருந்தது. துருப்பொருக்கே துளையைப் பாதி அடைத்திருந்ததால், சாதாரண ஓட்டத்தில் கசிவு அடங்கியும், மலையில் அழுத்தம் ஏறும்போது பீறிட்டும் இருந்திருக்கிறது.

குழாயைக் கழற்றிய பிறகு உட்பக்கத்தைப் பார்த்தால், காபிப் பில்டரைக் கழுவாமல் வைத்ததுபோல் செம்பழுப்புப் படிவு. இதற்குக் குற்றவாளி நான்தான். கூலண்ட் என்பது வெறும் நிறத் தண்ணீர் அல்ல. எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது, அதோடு கலந்திருக்கும் துருத்தடுப்புப் பொருள்கள் இரும்பையும் அலுமினியத்தையும் காக்கின்றன. நான் ஒவ்வொரு முறையும் போர்வெல் தண்ணீரை ஊற்றி அதை நீர்த்துப்போகச் செய்திருக்கிறேன்; எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு வேறு படிந்திருக்கிறது. ஊற்றியே ஆக வேண்டுமென்றால் பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றுங்கள், அதுவும் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைக்குத்தான் என்றார். ஒழுக்கை அடைக்க ரேடியேட்டருக்குள் ஊற்றும் பொடிகளையும் திரவங்களையும் பற்றிக் கேட்டேன். துளையை அடைப்பதற்கு முன் ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும் என்று கையை ஆட்டி மறுத்துவிட்டார். எம்-சீல் பசை வைத்து ஒப்பேற்றவும் சம்மதிக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. அசல் குழாய் சேலத்தில் கிடைக்காமல் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வர இரண்டு நாள் ஆனது. ஆக மொத்தம் ஐந்து நாள் வண்டி இல்லாமல் பேருந்தில்தான் மலை ஏறினேன். நடுவில் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில்தான் போக வேண்டும். பில் கேட்டால் நோட்டுத்தாளில் எழுதித் தருகிறார்கள். அலுவலகத்தில் செலவைக் காட்டிப் பணம் பெறுகிறவர்களுக்கு இது உதவாது. மழை வந்தால் வேப்ப மரத்தடி வண்டிக்கு வேலை நடக்காது. கழற்றிய ஏர் பில்டர் பெட்டியின் கிளிப் ஒன்றை மாட்டாமல் விட்டுவிட்டார்கள். கோரிமேடு தாண்டுவதற்குள் அது கடகடவென்று அடிக்கத் தொடங்கி, நானே நிறுத்தி மாட்டிக்கொண்டேன். இவ்வளவு நிதானமாகத் தேடத் தெரிந்தவர்களிடம் இந்தக் கவனக்குறைவு சற்று உறுத்தவே செய்தது.

குழாய், அதன் ரப்பர் வளையமான ஓ ரிங், இரண்டு ஹோஸ், புதிய மூடி, கூலண்ட், வேலைக்கூலி, தேடுகூலி எல்லாம் சேர்த்து 4,860 ரூபாய். நிரப்பும் முன் உள்ளே மூன்று முறை சுத்தத் தண்ணீர் ஓட்டி, பழுப்பு நிறம் போகும்வரை வடித்தார்கள். கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி. நிரப்பிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட்டி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார்கள். இந்த ஏர் எடுக்கும் வேலையை முதல் பட்டறையில் செய்ததாக எனக்கு நினைவில்லை. கடைசியில் மறுபடியும் டெஸ்டரை மாட்டி 0.9 வரை அடித்து அரை மணி நேரம் வைத்தார்கள். முள் அசையவில்லை என்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே மூடியைப் போட்டார்கள்.

அன்றே இருபது வளைவுகளையும் ஏறி, வழக்கம்போல் ஏரிக்கரையில் நிறுத்திப் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். ஃபேன் ஒருமுறை ஓடி அடங்கிய சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ரிசர்வ் டேங்கில் மேஸ்திரி மார்க்கர் பேனாவால் கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே அதைப் பார்க்க வேண்டும் என்பது கட்டளை. ஆவணி பிறந்த பிறகும், முப்பதுக்கு மேற்பட்ட முறை மலை ஏறிய பிறகும், கூலண்ட் அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழேதான் நிற்கிறது. ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்கள் இரண்டும் அழுத்திப் பார்த்தால் நொறுநொறுவென்று இருக்கின்றன, மார்கழிக் குளிரில் ஹீட்டர் போடத் தொடங்குவதற்கு முன் வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஐப்பசியில் ஒரு மாலை வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும்.